ஊர் வரலாற்றை ஊர்க்காரர்கள் எழுதும்போது

உள்ளூர் வரலாற்றுக் கழகங்கள் போடும் புத்தகங்களை "ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதிலும் நன்றாகப் படித்தவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, பெரிய பதிப்பகங்கள் இருக்கின்றன. ஒரு தெருவின் கதையை, மூடிப்போன ஒரு ஆலையின் கதையை, இடம் மாறிய ஒரு சந்தையின் கதையை எழுத அந்த ஊர்க்காரர்களை விட்டால் வேறு ஆளே கிடையாது. நாலு பேர் கூடிப் பேசி, கைக்காசு போட்டு, மெய்ப்புப் பார்த்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவருகிறார்கள் என்றால் அது மரியாதைக்குரிய காரியம். அந்த மரியாதை இருப்பதால்தான் அது ஒழுங்காக வர வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறேன். பின்னால் வருகிற ஒருவர் எடுத்துப் புரட்டவும், சரிபார்க்கவும், தப்பு இருந்தால் திருத்தவும் வசதியாக இருக்க வேண்டும். இதுதான் என் கட்சி.

இந்த நூல்கள் ஏன் முக்கியம் என்பதற்கு அயர்லாந்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1922 ஜூன் கடைசியில், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு ஆவணங்கள் ஒரே நாளில் போய்விட்டன. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் மூல ஏடுகளில் சில துண்டுகள்தான் மிச்சம். அங்கே வைத்திருந்த தேவாலயப் பதிவேடுகளும் ஏராளமாக அழிந்தன. அதற்கு முன்பே அந்தக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்து, தங்கள் ஊர் சம்பந்தப்பட்ட பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். குடும்ப மரபு தேடியவர்கள், ஊர் வரலாறு எழுதியவர்கள், பழைய ஏடுகளில் ஆர்வம் கொண்டவர்கள். அவர்கள் எடுத்த படிகளும் அச்சிட்ட பகுதிகளும்தான் பல இடங்களில் இன்று மூலத்தின் இடத்தில் இருக்கின்றன. நூறு ஆண்டு கழித்து, 2022இல், எரிந்துபோன அந்தக் காப்பகத்தை இணையத்தில் மீட்டுக் கட்டும் திட்டம் மக்கள் பார்வைக்கு வந்தபோது, உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த இப்படிப்பட்ட படிகளைத் தேடிச் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். "பொழுதுபோக்கு" என்று யாராவது சொன்னால் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர்களும் உண்டு. 1791இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் ஒரு கடிதத்தில், பழைய ஆவணங்களைப் பூட்டிப் பத்திரப்படுத்துவதைவிட எந்த விபத்தாலும் அழிக்க முடியாத அளவுக்குப் படிகளைப் பெருக்குவதுதான் பாதுகாப்பு என்று எழுதினார். அதே ஆண்டில்தான் அங்கே ஜெரமி பெல்னாப் என்ற பாதிரியாரும் நண்பர்களும் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஆவணங்களை அச்சிட்டு வெளியிட ஆரம்பித்துவிட்டார்கள். கிடைத்ததை எல்லாம் பெட்டியில் போட்டு மூடி வைப்பதற்காக அவர்கள் கழகம் நடத்தவில்லை.

காப்பகமே எரிந்துபோகாத இடத்திலும் ஓட்டைகள் விழும். இங்கிலாந்தில் 1931 கணக்கெடுப்பின் ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போர் நடந்துகொண்டிருந்ததால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1939 செப்டம்பரில், போர் தொடங்கிய கையோடு அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு ஒன்று கொஞ்சம் கைகொடுக்கிறது. மற்றபடி 1921க்கும் 1951க்கும் நடுவில் ஒரு தெருவில் யார் குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு, வாக்காளர் பட்டியல், யாரோ பத்திரமாக வைத்திருந்த ரசீது, இவற்றைத்தான் நம்ப வேண்டும். இவற்றைத் தேடி வீடு வீடாகப் போகப் பேராசிரியருக்கு நேரம் இருக்காது. ஊர்க்காரருக்குத்தான் கதவு திறக்கும்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதல் குறை, யாரைப் பற்றி எழுதுகிறோம் என்பது. அமெரிக்காவில் 1870களிலும் 80களிலும் மாவட்டம் மாவட்டமாகத் தடித்தடியாக வரலாற்று நூல்கள் வந்தன. முன்பணம் கட்டியவரின் வாழ்க்கைக் குறிப்பு உள்ளே வரும். கூடுதலாகக் கட்டினால் உருவப்படமும் வரும். தாடியும் கோட்டுமாகப் பக்கத்துக்குப் பக்கம் பெரிய மனிதர்கள். அவர்களின் வயலில் உழுதவர், வீட்டில் சமைத்தவர், அந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட பூர்வகுடிகள் எல்லாம் ஒரு வரிக்குள் முடிந்துவிடுவார்கள், அல்லது அந்த ஒரு வரியும் இருக்காது. அந்த நூல்களால் இன்றைக்கும் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்தவரின் படத்தைப் போடுகிற பழக்கம் நூற்றைம்பது ஆண்டுகளாகியும் போகவில்லை. பாதிப் புத்தகம் வாழ்த்துரையும் புரவலர் படமுமாக இருக்கிற ஊர் வரலாறுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். எடுத்துப் புரட்டும்போது வயிறு எரிகிறது. அத்தனை தாளும் மையும் எதற்கெல்லாமோ பயன்பட்டிருக்கும்.

நார்வேயில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கே ஊர் வரலாற்று நூல்களைப் பண்ணை பண்ணையாக எழுதுகிறார்கள். ஒரு பண்ணையை எடுத்துக்கொண்டால், அதன் பெயர், எல்லை, பழைய வரிப் பதிவுகளில் அது வரும் இடம், பிறகு ஆவணம் எட்டுகிற காலம் வரை அங்கே இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். யார் யாரை மணந்தார்கள், எத்தனை பிள்ளைகள், யார் வேறு பண்ணைக்குப் போனார்கள், யார் கப்பலேறி அமெரிக்கா போனார்கள் என்று வரிசையாக இருக்கும். உரிமையாளரோடு நிற்காமல், நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு உழைப்பால் வாடகை கட்டிய குடியானவர்களையும் சேர்க்கிற நூல்கள் பல. வாசிக்கச் சுவையாக இருக்காது. ஒரு பக்கம் முழுக்கப் பெயரும் ஆண்டும்தான். ஆனால் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் மூன்று தலைமுறை தாண்டிப் பிறந்த ஒருவர், தன் கொள்ளுப்பாட்டி எந்தக் குடிசையில் பிறந்தாள் என்று அந்தப் பக்கத்தில்தான் கண்டுபிடிக்கிறார். எந்த அலங்கார நடையும் இந்த வேலையைச் செய்யாது.

ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் 1978இல் இதையே தொழிற்சாலைகளைப் பற்றிச் சொன்னார். சிமென்ட் ஆலைகளின் வரலாற்றை முதலாளிகளின் பக்கத்திலிருந்தே எழுதிவந்தார்கள், அங்கே வேலை பார்த்தவருக்குத் தன் வேலையைப் பற்றி அவர்களைவிட நன்றாகத் தெரியும், ஆகவே அவரே ஆராயட்டும் என்றார். அதைக் கேட்டு ஸ்வீடனில் ஊர் ஊராக ஆய்வு வட்டங்கள் கிளம்பின.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியவை யூதர்களின் நினைவு நூல்கள். நாஜிகள் அழித்த கிழக்கு ஐரோப்பிய ஊர்களிலிருந்து தப்பியவர்களும் முன்பே புலம்பெயர்ந்தவர்களும் நியூயார்க்கிலும் டெல் அவிவிலும் பியூனஸ் அயர்ஸிலும் ஊர்ச் சங்கங்களாகக் கூடி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷிலும் ஹீப்ருவிலும் தங்கள் ஊரின் நூலைத் தாங்களே போட்டார்கள். பெரும்பாலானவை போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் வந்தவை. எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுத்தாளர்களே அல்ல. பல நூல்களில் ஊரின் வரைபடம் இருக்கும், நினைவிலிருந்து கையால் வரைந்தது. அளவு சரியாக இருக்காது. ஆற்றின் வளைவும், ஜெபக்கூடமும், சந்தையும், தையல்காரர் வீடும் அதனதன் இடத்தில் இருக்கும். கடைசியில் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல். சில இடங்களில் முழுப்பெயர் தெரியாமல், இன்னாருடைய மனைவியும் பிள்ளைகளும் என்று மட்டும் இருக்கும். அந்த வரியைக் கடந்து அடுத்த வரிக்குப் போக முடியாது. இன்று அந்த நூல்களைத் தன்னார்வலர்கள் கட்டுரை கட்டுரையாக ஆங்கிலத்தில் பெயர்த்து இணையத்தில் ஏற்றிவருகிறார்கள், ஏனென்றால் பேரப்பிள்ளைகளுக்கு இத்திஷ் தெரியாது.

இரண்டாவது குறை, தேட முடியாமை. பெயரடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல், இல்லாத ஊர் வரலாற்று நூல், என்னைக் கேட்டால், பாதி நூல்தான். முந்நூறு பக்கத்தை யாரும் முதலிலிருந்து படிப்பதில்லை. தன் குடும்பப் பெயரையோ தெருப் பெயரையோ தேடித்தான் வருவார்கள். பக்க எண்கள் முடிவான பிறகுதான் அடைவு போட முடியும். அதற்குள் வெளியீட்டு விழாத் தேதி குறித்துவிடுவார்கள், அடைவு காற்றில் போய்விடும். தேதியைப் பத்து நாள் தள்ளி வையுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

படக்குறிப்பும் அப்படித்தான். "பழைய மாணவர்கள், அந்தக் காலம்" என்று ஒரு வரி போட்டு நாற்பது முகங்களை அச்சிடுகிறார்கள். அந்தப் படத்தை இன்றைக்கு ஒரு வயதானவரிடம் காட்டினால், மேல் வரிசையில் இடமிருந்து நான்காவது யார், பக்கத்தில் குனிந்து நிற்பது யார், பின்னால் தெரிகிற கட்டடம் எப்போது இடிந்தது என்று மளமளவென்று சொல்லிவிடுவார். பெயர் தெரியாத முகத்துக்கு "அடையாளம் தெரியவில்லை" என்றே போடலாம். அதைப் பார்த்து இன்னொருவர் தகவலோடு வருவார். யாரிடமிருந்து படம் கிடைத்தது, எந்த ஆண்டு, மூலப்படம் இப்போது யாரிடம் இருக்கிறது, இந்த மூன்றும் வேண்டும். ஸ்கேன் செய்யும்போதே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்துவிட்டால் பின்னாளில் பெரிதாக்கிப் பார்க்க முடியும். கைபேசியில் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே அச்சகத்துக்குக் கொடுத்த படங்களைப் பார்த்தால் முகம் எது சுவர் எது என்று தெரிவதில்லை.

மூன்றாவது, செவிவழிக் கதை. அரசர் ஓரிரவு தங்கினார், சுரங்கப்பாதை இருக்கிறது, புதையல் இருக்கிறது. எல்லா ஊரிலும் இந்தக் கதைகள் உண்டு, எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் அவையும் போய்விடும். ஆனால் கதை என்று சொல்லி எழுதுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஓர் அடிக்குறிப்பு போதும். அது இல்லாமல் கதையையும் ஆவணத்தையும் ஒரே மூச்சில் அச்சிட்டால், அடுத்த நூல் அதை எடுத்தாளும், அதற்கடுத்தது இரண்டையும் மேற்கோள் காட்டும், கடைசியில் யாராலும் பிரிக்க முடியாது. நீரில் விழுந்த உப்புப் போலத்தான்.

ஊரில் நடந்த கலவரம், வேலைநிறுத்தம், ஒரு பிரிவினரைக் குடியேற விடாமல் தடுத்த கதை, இவற்றைச் சொல்லத் தயங்குகிறார்கள். "எதற்கு இப்போது வம்பு" என்பார்கள். உயிரோடு இருப்பவர்களின் சொந்த விவகாரங்களைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பது நியாயம். ஊருக்கே தெரிந்த ஒன்றை, நாளிதழில் வந்த ஒன்றை, ஊர் நூலில் மட்டும் இல்லாமல் செய்வது நியாயம் இல்லை. அதனால் காயம் பட்டவர்களின் பிள்ளைகளும் அந்தப் புத்தகத்தை வாங்கித்தான் படிக்கிறார்கள்.

கடைசியாகப் படிகள். ஐந்நூறு அடிப்பார்கள், விழாவில் நூறு போகும், மீதி செயலாளர் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகு அவை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியை அரசரின் நூலகத்துக்குத் தர வேண்டும் என்று பிரான்ஸில் முதலாம் பிரான்சுவா 1537இலேயே ஆணையிட்டார். இன்றைக்குப் பெரும்பாலான நாடுகளில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. தேசிய நூலகத்துக்கு, மாவட்ட நூலகத்துக்கு, பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு, உள்ளூர்ப் பள்ளிக்கு முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் விற்பனையை ஆரம்பியுங்கள். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் வாங்குங்கள், நூலகப் பட்டியலில் ஏறி நிற்கும். பக்கங்களைப் பசையால் ஒட்டாமல் தைத்துக் கட்டச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் பலர் கை பட்டாலும் தாள் உதிராது. அச்சுக்குப் போன பிடிஎஃப் கோப்பை அச்சகத்தாரிடம் கேட்டு வாங்கி இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள், விற்றுத் தீர்ந்ததும் இணையத்தில் இலவசமாக ஏற்றிவிடலாம். வாசகர்கள் சுட்டிக்காட்டும் பிழைகளை எழுத ஒரு நோட்டு போட்டு, அதைக் கழகத்தின் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்புக்கான வேலையில் பாதி அந்த நோட்டிலேயே முடிந்திருக்கும்.