நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதுதான் பாரம்பரியமா?

நர்சிங் கல்லூரிகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டினால் போதும், ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பழைய முறையை விட்டால் படிப்பே போச்சு என்று ஒரு பக்கம், எல்லாம் ஆப்பிலேயே இருக்கிறதே என்று இன்னொரு பக்கம். டியூட்டராக இருக்கும் எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. பழைய முறை என்று எதைச் சொல்கிறோம்?

டெஃபனிஷன், காசஸ், நர்சிங் மேனேஜ்மென்ட் என்று வரிசையாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வதையா? அது தாராளமாகப் போகட்டும். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து வரும் முதலாமாண்டுப் பெண்ணுக்கு அதில் பாதி புரியாது, கேட்கவும் கூச்சப்படுவாள். அதையே வீடியோவில் பார்த்தால் நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொள்வாள். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடும் ரைல்ஸ் டியூப் போடுவதைக் கட்டிலைச் சுற்றி 60 பேரை நிற்க வைத்துக் காட்டினால், மூக்கிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை என்று அளவெடுப்பது முன்வரிசைக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் இருப்பவரின் கொண்டைதான் தெரியும்.

ரெக்கார்டு நோட்டும் அப்படித்தான். இதயத்தைக் கலர் பென்சிலில் அத்தனை அழகாக வரைந்திருப்பார்கள். ஏபிகல் பல்ஸ், அதாவது நெஞ்சில் வைத்துக் கேட்கும் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொன்னால் ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பது என்று முழிப்பார்கள்.

ஆனால் வார்டில் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பதும் பழைய முறைதானே? அதில் கைவைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊசி குத்திப் பழகும் பொம்மைக் கையில் நரம்பு நழுவாது. வயதான பாட்டியின் கையில் நழுவும், "எரியுது கண்ணு" என்று அவர் கையை இழுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் என்ன பேசுவது, எப்போது விட்டுவிட்டு சீனியரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அங்கேதான் வரும். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஸ்டெப்ஸை ஒப்பித்தார்கள், நோயாளியைத் தொடும்போது கை நடுங்கியது.

பொம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒன்றும் புதுசும் இல்லை. 1911-லேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 'மிஸஸ் சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மையை வைத்து நர்சிங் மாணவிகளைப் பழக்கினார்கள். நம் இந்திய நர்சிங் கவுன்சிலும் 2021-இல் அறிவித்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் சிமுலேஷனை, அதாவது நோயாளிக்குப் பதில் பொம்மை போன்றவற்றை வைத்துப் பழகும் முறையைச் சேர்த்திருக்கிறது. அமெரிக்க மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. வார்டில் பழகும் கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்குக் கொடுத்தாலும் தேர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. மேடைகளில் இந்த ஒரு வரியை எடுத்துவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும், ஒவ்வொரு சிமுலேஷனும் முடிந்ததும் ஏன் இப்படிச் செய்தாய் என்று உட்கார்ந்து பேசும் டீப்ரீஃபிங் வேண்டும் என்ற பகுதி மட்டும் காணாமல் போய்விடுகிறது. இங்கே சில கல்லூரிகளில் பொம்மையின் பிளாஸ்டிக் உறையே இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத்தான் கழல்கிறது!

என்னைக் கேட்டால், தியரி வகுப்பில் பாதியை வீடியோவுக்கு விட்டுவிடலாம். அதில் மிச்சமாகும் நேரத்தில் டியூட்டர்கள் வார்டுக்கு வரட்டும். 10 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நடப்பது என்ன? பிள்ளைகளைக் கொண்டுபோய் வார்டில் இறக்கிவிட்டு, ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஸ்டாஃப் நர்ஸ் தலையில் கட்டிவிடுகிறோம். வீடியோதான் வந்துவிட்டதே, இரண்டு டியூட்டரைக் குறைக்கலாம் என்று எந்த மேனேஜ்மென்ட்டாவது கணக்குப் போட்டால், நானும் பழைய கட்சியில் சேர்ந்துவிடுவேன்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றித் தனியாக இன்னொரு நாள் எழுதுகிறேன். சீனியர் மேடம்கள் திட்டுவதை அப்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.