மலேசியர்களில் பாதிப் பேர் சிறுவர்களா? சரியான விவரம்

சுங்கை சிப்புட் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மலேசியர்களில் பாதிப் பேர் 15 வயதுக்குக் கீழ். இளையோர் மிகுந்த நாடு தானாகவே பணக்கார நாடாகும், முதியோரைப் பற்றிக் கவலை வேண்டாம்." இது தவறு.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்குட்பட்டோர் 24 விழுக்காடுதான். 65 வயதை எட்டியவர்கள் 2010-இல் சுமார் 5 விழுக்காடு, 2020-இல் 6.8. ஏறக்குறைய பாதிப் பேர் சிறுவர்களாக இருப்பது ஆப்பிரிக்க நாடான நைஜரில். அது மிக ஏழ்மையான நாடு. பிள்ளைகள் பெருகினால் முதலில் ஏறுவது பள்ளி, மருத்துவச் செலவு. படிப்பும் வேலையும் கிடைத்தால்தான் அவர்கள் நாட்டுக்குப் பலம்.

நம் தோட்டங்களையே பாருங்கள். இளையவர்கள் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட, பல வீடுகளில் தாத்தா பாட்டி மட்டுமே. அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாமாம். அதுதான் மனத்தை வருத்துகிறது.

மலேசியப் புள்ளிவிவரத் துறையின் இணையத்தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். தயவுசெய்து இதை இனி பகிராதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.