வீக்கம் வடிந்தால் போதாது: கணுக்கால் சுளுக்கு பற்றி

கணுக்கால் பிசகிய ஆட்டக்காரரை வீக்கம் வடிந்ததுமே களத்தில் இறக்கிவிடுகிறார்கள். சிகிச்சையின் முக்கியப் பகுதியே அப்போதுதான் தொடங்குகிறது என்பதைப் பயிற்சியாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது, வெளிக்கணுவிலிருந்து முன்னோக்கி ஓடும் தசைநார். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் உண்டு. அந்தத் தகவல் குலைவதால்தான் கால் மீண்டும் மீண்டும் மடங்குகிறது என்று பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் ஃப்ரீமன் 1965-லேயே சொல்லி, ஆடும் பலகையில் சமநிலைப் பயிற்சி தரச் சொன்னார். நார் ஆறினாலும் இந்த உணர்வு தானாகத் திரும்பிவிடாது.

முதல் வேலை எலும்பு முறிவு இல்லையென்று உறுதிசெய்வது. 1992-ல் வந்த ஒட்டாவா விதிகள் இதற்குப் போதும். உள்கணு, வெளிக்கணு இரண்டிலும் பின்விளிம்பின் கடைசி 6 செ.மீ., கணுவின் நுனி, சுண்டுவிரல் பக்கப் பாத எலும்பின் அடி, உள்பாதத்துப் படகெலும்பு ஆகிய இடங்களில் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும், பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தசைநார் எந்த அளவு கிழிந்தது என்பதை அன்றே முடிவு செய்யாதீர்கள். வலியும் வீக்கமும் மறைத்துவிடும். நான்கைந்து நாள் கழித்துப் பாதத்தை முன்பக்கமாக இழுத்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

வலி கணுவுக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளுக்கும் நடுவில் இருந்தால் அது வேறு காயம். கெண்டைக்கால் நடுவில் இரு எலும்பையும் சேர்த்து அழுத்தும்போது கீழே வலிக்கும். தேற இன்னும் நாளாகும், அவசரப்படுத்தவே கூடாது.

சாதாரணச் சுளுக்கில் தாங்குமளவு ஊன்றி நடப்பதும், முதல் வாரத்திலேயே அசைவுப் பயிற்சி தொடங்குவதும் நல்லது. ஊன்றவே முடியாத கடுமையான சுளுக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்கு 10 நாள் மாவுக்கட்டு போட்டவர்கள், குழாய் பேண்டேஜ் போட்டவர்களைவிட 3 மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள் என்று 2009-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. 9 மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

அதே ஆண்டு நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வை ஒவ்வொரு அணியும் படிக்க வேண்டும். வழக்கமான சிகிச்சைக்குப் பின் வாரம் 3 முறை, 8 வாரம், வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி. ஓராண்டில் மறுபடி சுளுக்கியவர்கள் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம், செய்யாதவர்களில் 33. தேவைப்பட்டது ஒரு பலகையும் கொஞ்சம் பொறுமையும்தான்!

செய்முறை எளிது. ஒற்றைக் காலில் 30 விநாடி, பிறகு கண்ணை மூடி, பிறகு பந்தைப் பிடித்து எறிந்தபடி, கடைசியில் பலகைமேல். முட்டியை விறைப்பாகப் பூட்டி நிற்பதுதான் வழக்கமான தவறு. அப்படி நின்றால் கணுக்காலுக்கு வேலையே இருக்காது, லேசாக மடக்குங்கள். இரண்டாவது தவறு, மூன்றாம் வாரம் வலி நின்றதும் நிறுத்திவிடுவது.

திரும்ப ஆட விடுமுன் குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லி, கால்விரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை இரு காலிலும் அளந்து பாருங்கள். ஒற்றைக் கால் தாவல், சட்டென்று திசைமாறும் ஓட்டம் இரண்டையும் நல்ல காலோடு ஒப்பிடுங்கள். கயிறு கட்டும் பிரேஸை ஆடும்போது போட்டுக்கொள்ளலாம். டேப் ஆட்டத்தின் நடுவிலேயே தளர்ந்துவிடும், அதை மட்டும் நம்பி இறக்காதீர்கள்.