குளியல் கூடத்தில் ஒரு சிலை

‘யூதர்கள் உருவமே செய்யக்கூடாது, அதனால்தான் அவர்களிடம் ஓவியமும் சிற்பமும் வளரவே இல்லை’ என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பத்துக் கட்டளைகளில் யூதர்கள் இரண்டாவதாக எண்ணும் கட்டளை காதில் விழுவதும் அப்படித்தான். ‘ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும்’ உண்டாக்கவேண்டாம் என்கிறது பழைய புராட்டஸ்டன்ட் தமிழ் பைபிள். (நம்மூர் கத்தோலிக்கர்கள் ‘மாதா சொரூபம்’ என்று பக்தியோடு சொல்லும் அதே சொல்!)

ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அவற்றை நமஸ்கரிக்காதே, சேவிக்காதே என்கிறது. இந்தக் கட்டளை வரும் அதே யாத்திராகமத்தில் ஐந்து அதிகாரம் தள்ளிப் போனால், கட்டளைப் பலகைகளை வைக்கும் உடன்படிக்கைப் பெட்டியின் மேல் சிறகு விரித்த இரண்டு கேருபீன்களை, அதாவது வானதூதர் உருவங்களை, பொன்னால் செய்யச் சொல்வதும் அதே கடவுள்தான்.

தடை எங்கே இருக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு வெண்கலப் பாம்பு. பாலைவனத்தில் பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைப்பதற்காக மோசே அதைச் செய்து கம்பத்தில் ஏற்றினார். செய்யச் சொன்னவர் கடவுள். பல தலைமுறை கழித்து எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். காரணம், அதுவரை ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாம்பு அதே பாம்புதான். அதன் முன் மனிதர்கள் நடந்துகொண்ட விதம்தான் மாறிவிட்டது.

இதையே சட்டமாகப் பேசும் ஓர் இடம் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அக்கோ நகரத்தில் ரோமானியர் காலத்துக் குளியல் கூடம், உள்ளே கிரேக்கக் காதல் தெய்வம் அப்ரொதீத்தியின் சிலை. ரப்பான் கமாலியேல் என்ற யூத ஆசான் அங்கே குளித்துக்கொண்டிருக்கிறார். புரோக்ளோஸ் என்பவர் வந்து, ‘விலக்கப்பட்டதில் எதுவும் உன் கையில் ஒட்டக்கூடாது என்று உங்கள் வேதம் சொல்கிறதே, இங்கே குளிக்கலாமா?’ என்று மடக்குகிறார். குளிக்கிற இடத்தில் பதில் சொல்வதில்லை என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து கமாலியேல் பேசுகிறார். நான் அவள் எல்லைக்குள் போகவில்லை, அவள்தான் என் எல்லைக்குள் வந்தாள். அப்ரொதீத்திக்கு அலங்காரமாகக் குளியல் கூடத்தைக் கட்டவில்லை, கூடத்துக்கு அலங்காரமாக அவளை வைத்திருக்கிறார்கள்.

சரி, இதுவரை கொஞ்சம் வக்கீல் வாதம்தான். அடுத்து அவர் கேட்பதுதான் விஷயம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் நீ உன் தெய்வத்தின் முன் அம்மணமாகப் போய்ச் சிறுநீர் கழிப்பாயா? இவளோ சாக்கடை ஓரம் நிற்கிறாள், எல்லோரும் இவள் முன்னால்தான் கழிக்கிறார்கள். தெய்வமாக நடத்தப்படுவதுதான் விலக்கு, அப்படி நடத்தப்படாதது விலக்கில்லை என்று முடிக்கிறார்.

எல்லோரும் இப்படி நிதானமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1300 வாக்கில் ஜெர்மனியில் எழுதப்பட்ட, பஸ்கா பண்டிகை இரவில் வாசிக்கும் ஒரு நூலில் யூதர்களுக்கு மனித உடம்பும் பறவைத் தலையும் வரைந்திருக்கிறார்கள். அந்த அலகு முகத்தோடு புளிப்பில்லா அப்பத்துக்கு மாவு பிசைகிறார்கள். கட்டளைக்கு இப்படி ஒரு சந்து கண்டுபிடித்த ஓவியரை நினைத்து நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அதற்கு ஆயிரம் வருடம் முன்பே சிரியாவின் துரா யூரோப்போஸ் நகரத்து யூதத் தொழுகைக்கூடத்தில், 244-245 வாக்கில், சுவர் முழுக்க மோசேயும் தாவீதும் மனித முகத்தோடுதான் நிற்கிறார்கள்.

அப்புறம் பெத் ஆல்பா. இஸ்ரேலின் வடக்கே, 1928-இல் தண்ணீர்க் கால்வாய் வெட்டும்போது கண்ணில் பட்ட ஆறாம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம். தரையின் நடுவில் பன்னிரண்டு ராசிகள், மத்தியில் நான்கு குதிரைத் தேரில் சூரியன். அசல் கிரேக்க ஹீலியோஸ்! மரியானோஸ், அவர் மகன் ஹனினா என்று கைவினைஞர்களின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. தொழ வந்தவர்கள் சூரியன் மேலேயே நடந்து போயிருப்பார்கள். கமாலியேல் இதைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார் என்று எனக்கு ஒரு திருப்தி.

ஆனால் வாசலை ஒட்டிய கட்டத்தில் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சி இருக்கிறது. அதில் மேலேயிருந்து ஒரு கை நீண்டு தடுக்கிறது. கடவுளின் கை. அதுவும் தரையில்தான் இருக்கிறது, உள்ளே வருபவர்கள் முதலில் கடக்கும் கட்டமும் அதுதான். இந்த இடத்தில் மட்டும் கமாலியேலின் வாதம் எனக்கு உதவ மாட்டேன் என்கிறது.