பெஞ்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள்

சிங்கப்பூரில் ரயில் நின்றுபோய்விட்ட பழைய தஞ்சோங் பகார் ரயில்வே ஸ்டேஷனுக்குள் என்ன வரவேண்டும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை. "சாப்பாட்டுக் கடை வந்தால் அவ்வளவுதான், நினைவுச்சின்னத்தையே நாசம் பண்ணிடுவாங்க" என்று மாமா. "மறுபடி பராட்டா போடுறாங்கன்னா வரிசையில் முதல் ஆள் நான்தான்" என்று தங்கை. நான் அங்கே எதுவும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். மாமாவும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார், எப்படியும் படிப்பார்.

மாமா, அந்த ஸ்டேஷன் இனிமேல்தான் சாப்பாட்டுக் கடையாகப் போகிறது என்று யார் சொன்னது? அது எப்போதோ சாப்பாட்டுக் கடைதான். நடுநடுவே ரயிலும் வந்து போகும்.

எங்கள் வீடு அதற்குப் பக்கத்திலேயே, ஸ்பாட்டிஸ்வுட் பார்க்கில். அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. ரயில் ஏற என்று நான் அந்த ஸ்டேஷனுக்குப் போனது மொத்தம் நான்கு தடவை. சாப்பிடப் போனதற்குக் கணக்கே இல்லை. இந்திய முஸ்லிம் சாப்பாடும் மலாய்ச் சாப்பாடும் கிடைக்கும். அப்பாவுக்கு ஷிஃப்ட் முடிந்த இரவுகளில் பிளாட்பாரத்துப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் மேசை. இரண்டு பராட்டா, ஒரு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ. காலடியில் ஒரு பூனை, அதற்கும் ஒரு பங்கு. பக்கத்து மேசையில் கோலாலம்பூர் வண்டிக்குக் காத்திருக்கும் குடும்பம், கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, தூங்கி விழும் பிள்ளை. சாப்பிட வந்தவர் யார், வண்டி ஏற வந்தவர் யார் என்று பெட்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சில பேர் இரண்டுக்கும் வந்திருக்க மாட்டார்கள். வீட்டில் இடமில்லை, காற்று வரட்டும் என்று வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை.

கட்டடம் அப்படிப்பட்ட மேசைகளுக்காகக் கட்டியதில்லை என்பது உண்மை. 1932இல் திறந்தபோது அது ராஜ மரியாதைக்குரிய இடம். வாசலில் நான்கு பளிங்குச் சிலைகள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, எஃப், எம், எஸ், ஆர். மலாய் மாநிலங்களின் கூட்டரசு ரயில்வே. உள்ளே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை, சுவரில் ஆறு பெரிய ஓவியங்கள். ஒன்றில் ரப்பர் மரம் சீவுகிறார்கள். அதைக் காட்டி அப்பா, "உங்க தாத்தா" என்பார். வேறு விளக்கமெல்லாம் கிடையாது. ஜோகூர் தோட்டத்தில் மரம் சீவியவர் தாத்தா. மேல்மாடியில் ஒரு காலத்தில் ஹோட்டலும் நடந்தது. ஆக அந்தக் கட்டடம் துரைமார்களுக்கும் சோறு போட்டது, ஹார்பர்க் கூலிக்கும் போட்டது.

ஸ்டேஷன் நின்றது சிங்கப்பூரில், ஆனால் நிலம் 999 வருடக் குத்தகை, ரயில்வே மலேசியாவுடையதாக இருந்தது. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை எல்லையோரத்து உட்லண்ட்ஸுக்குக் கொண்டுபோனது, மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்துகொண்டது. அதனால் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, வண்டி ஏறி, அதற்கப்புறம் உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவோம்! பராட்டா சாப்பிட மட்டும் எந்தப் பக்கச் சோதனையும் இல்லை.

2011 ஜூன் 30 இரவு எல்லாம் முடிந்தது. கடைசி வண்டியை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். நானும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றேன். கட்டடத்தை அந்த வருடமே தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்திருந்தார்கள், ஆகவே சிலைகளுக்கு ஆபத்தில்லை. மேசைகளை யார் அறிவிப்பது?

போன மாதம் அம்மாவை அதே ரயில் பாதையில் இருந்த புக்கிட் தீமா ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். மாமா, நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள், பாதிக் கோபம் இறங்கிவிடும். அதுவும் 1932தான். ஆனால் சின்னது, செங்கல் கட்டடம், கிராமத்து ஸ்டேஷன் மாதிரி. கடைசிக் காலத்தில் அங்கே நடந்த முக்கியமான வேலை டோக்கன் மாற்றுவது. ஒற்றைத் தண்டவாளம், எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக்கூடாது. அதனால் டோக்கன் கையில் இருக்கும் வண்டிக்குத்தான் வழி. ஸ்டேஷன் ஊழியர் டோக்கன் மாட்டிய பெரிய வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பார். வண்டி வேகத்தைக் குறைத்து வரும். இன்ஜினிலிருந்து ஒரு கை நீளும், பழைய வளையத்தைக் கொடுக்கும், புதியதை வாங்கும். கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடுவோம். கடைசி வாரங்களில் அதைப் படமெடுக்கவே கூட்டம் கூடியது.

2022 ஜூலையில் அந்த இடத்தை மறுபடி திறந்தார்கள். ஸ்டேஷன் கட்டடம் கண்காட்சிக்கூடம். கஃபே வந்திருப்பது அதற்குள் இல்லை, பக்கத்தில் ஊழியர்கள் குடியிருந்த வீட்டில். இது தற்செயலாக நடந்ததா, யோசித்துச் செய்ததா எனக்குத் தெரியாது, ஆனால் சரியான காரியம். சமையலறை என்றால் சும்மாவா? புகைபோக்கிக்குச் சுவரைத் துளைக்கவேண்டும், எண்ணெய்க் கழிவுக்குத் தொட்டி வேண்டும், எரிவாயுக் குழாய், குளிர்ப்பெட்டி, பாத்திரம் கழுவ இடம். ஆறே மாதத்தில் பழைய செங்கலில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும். அடுப்பு மூட்டிப் பழகிய வீட்டிலேயே அடுப்பை வைத்துவிட்டு, டிக்கெட் கொடுத்த இடத்தை அப்படியே விட்டுவைத்தால் இரண்டுக்கும் நல்லது. மாமா பயப்படுகிற "நாசம்" பெரும்பாலும் அடுப்படியிலிருந்து வருவது. கூடத்தில் நாலு மேசை போடுவதால் வருவதில்லை.

அம்மா கோப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிளாட்பாரத்து ஓரம் உட்கார்ந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி வர்ற மாதிரியே இருக்கு" என்றார். யாரும் எங்களிடம் மெனுவை நீட்டவில்லை. அரை மணி நேரம் இருந்தோம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில், பெயர் வேண்டாம், உணவகமாக மாற்றிய ஒரு பழைய ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். பார்க்க அவ்வளவு அழகு. கடிகாரம் பளபளக்கிறது, டிக்கெட் ஜன்னல் மதுக்கூடமாகியிருக்கிறது, மெனுவைப் பழைய கால அட்டவணை மாதிரி அச்சடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, வாசலோரம் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டிக்குக் காத்திருந்தவர்கள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பெஞ்சு. இரண்டு நிமிடத்தில் ஒரு பையன் வந்து, மிகவும் பணிவாக, அது சாப்பிட வருகிறவர்களுக்கு என்றான். அம்மா எழுந்துவிட்டார். நாங்கள் சாப்பிடத்தான் போயிருந்தோம், ஆனால் அதற்கப்புறம் யாருக்கும் பசிக்கவில்லை.

காசு கொடுக்காதவரும் காத்திருக்கலாம் என்று விட்டதால்தான் அது ஸ்டேஷன். காப்பாற்றவேண்டிய பழைய பொருள்களில் அந்த உரிமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். வாடகை வராமல் கட்டடம் நிற்காது, அது எனக்கும் தெரியும். தஞ்சோங் பகாரின் பெரிய கூரைக்கு வர்ணம் பூச யார் காசு? நல்ல உணவகம் வரட்டும், வெள்ளைத் துணி விரித்த மேசைகூட ஒரு மூலையில் இருக்கட்டும், மேல்மாடி ஹோட்டலில் முன்பு இருந்ததுதானே. ஆனால் பிளாட்பாரத்துப் பக்கம் ஒரு சாதாரணக் கடை, கோப்பிக்கடை விலையில், இரவு வெகுநேரம் திறந்திருக்கவேண்டும். வாடகை ஏலத்தில் அந்தக் கடை ஜெயிக்காது. அதனால் ஏலத்துக்கு வெளியே அதற்கு ஓர் இடம் ஒதுக்கவேண்டும். இது இரக்கத்தில் கேட்பதில்லை. கண்காட்சிப் பலகையில் "இங்கே பயணிகள் சாப்பிட்டார்கள்" என்று எழுதி வைப்பதைவிட ஒரு தட்டு பராட்டா சிக்கனம்.

கேன்டன்மன்ட் எம்ஆர்டி மெட்ரோ நிலையம் அந்த ஸ்டேஷனின் காலடியிலேயே வருகிறது. மறுபடி ரயிலை விட்டிறங்கி அந்தப் பக்கம் நடக்கப்போகிறோம், நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது. மாமா, திறந்ததும் ஒரு ஞாயிறு காலை வாருங்கள். பராட்டா இருந்தால் உங்கள் கணக்கு. இல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்து மிச்சச் சண்டையைப் போடலாம், அம்மாவுக்கும் கொஞ்சம் இடம் விட்டு.