பொருளைப் பார்க்கும் முன்பே ‘கடைசி விலை என்ன?’

மூன்று வாரமாக ஒரு கைக்கடிகாரத்தை விற்க அலைகிறேன். பட்டதை எங்காவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஒமேகா சீமாஸ்டர், 2531.80 மாடல், அலையலையாய்க் கோடு ஓடும் நீல முகப்பு. 2003-இல் துபாயில் வேலை பார்த்தபோது மாதாமாதம் மிச்சம் பிடித்து வாங்கியது. பெட்டி, உத்தரவாத அட்டை, கடை ரசீது, இரண்டு முறை சர்வீஸ் செய்த பில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத்தான் கையிலிருந்து கழற்றினேன். இதே மாடல் எங்கெங்கே என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு 2,20,000 ரூபாய் என்று விலை வைத்தேன். பழைய வாட்ச் வாங்கி விற்கும் கடைக்குப் போனால் அவர்கள் தங்கள் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் நேரில் பார்த்து வாங்கினால் இருவருக்கும் நல்லது என்று நம்பினேன்.

விளம்பரம் போட்ட சற்று நேரத்தில் முதல் செய்தி வந்தது: “கடைசி விலை என்ன?” வணக்கம் இல்லை, பெயர் இல்லை, பொருளைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நேரில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று எழுதினால் “90,000, இப்போதே வருகிறேன்” என்று பதில். அடிமாட்டு விலைக்குக் கேட்பதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகாவது கேட்பார்கள்.

எனக்கு அதைவிட வலித்தது இன்னொரு கேள்வி. “ஏன் விற்கிறீர்கள், பணமுடையா?” அக்கறையாகத்தான் கேட்கிறார் என்று எண்ணி உண்மையைச் சொன்னேன். அடுத்த நொடியே இருபதாயிரம் குறைந்தது. கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று கேட்டுக்கொண்டு, அந்தத் தேதிக்கு முந்தைய நாள் இரவு மறுபடி அழைத்து, இன்னும் பத்தாயிரம் குறைத்தார். பேரம் பேசுவது தப்பில்லை. நானும் பாண்டி பஜாரில் பேரம் பேசி வளர்ந்தவன்தான். ஒரு தகப்பனின் அவசரத்தை எடைபோட்டு விலையைக் குறைப்பதற்குப் பேரம் என்று பெயர் கிடையாது.

அரைகுறையாய்த் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் தனி ரகம். “பத்து மணிப் பக்கம் இன்னொரு திருகு இருக்கிறதே, ஒரிஜினலில் இருக்காதே” என்றார் ஒருவர். அது ஹீலியம் வாயு வெளியேறும் வால்வு. இந்த மாடலின் அடையாளமே அதுதான். இன்னொருவர் நொடிமுள்ளைப் படமெடுத்து மெதுவாக ஓடவிட்டு, முள் விட்டுவிட்டு நகர்கிறது, ஆகவே போலி என்றார். இந்த இயந்திரம் மணிக்கு 28,800 முறை துடிக்கும். நொடிக்கு எட்டுத் துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் முள் ஓர் அடி எடுத்து வைக்கும். மெதுவாக ஓட்டினால் அந்த அடிகள் தெரியத்தான் செய்யும். விளக்கினால் காதில் வாங்குவதில்லை. மற்றொருவர், 2025 அக்டோபரில் சுவிட்சர்லாந்துடனான வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது, இறக்குமதி வரி படிப்படியாகக் குறையும், அதனால் இப்போதே பாதி விலைக்குக் கொடுங்கள் என்றார். இருபது சதவீத வரி சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதற்கு, இன்றைக்கு என் கையில் இருக்கும் பழைய வாட்சின் விலையைப் பாதியாக்க வேண்டுமா?

கடைசியாக வந்தவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். போன சனிக்கிழமை அண்ணா நகரில் ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். ஒன்றரை மணி நேரம் பார்த்தார். வாட்சில் பட்டை மாட்டும் கால்களில் ஒன்றின் பின்புறம் பொறித்த தொடர் எண்ணை அட்டையோடு ஒப்பிட்டார். ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என் ஆதாரைக் கேட்டார், காட்டினேன். 2003-இல் துபாயில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார், பழைய பாஸ்போர்ட்டையும் காட்டினேன். வாங்குகிறவருக்குப் பயம் இருக்கும், நியாயம்தான் என்று பொறுத்துக்கொண்டேன். 2,05,000-க்கு ஒத்துக்கொண்டோம். காபிக்குக் காசு கொடுக்க எழுந்து கவுண்டர் வரைக்கும் போனேன். திரும்பிப் பார்த்தால் வாட்சைக் கவிழ்த்து வைத்து, பையிலிருந்த சிறு கத்தரிக்கோலின் முனையால் பின்மூடியை நெம்பிக்கொண்டிருக்கிறார். அது திருகு மூடி. விளிம்புப் பள்ளங்களில் பொருந்தும் தனிக் கருவி இல்லாமல் திறக்கவே முடியாது. கத்தியேவிட்டேன். “உள்ளே மெஷினைப் பார்க்க வேண்டாமா சார்?” என்றார், நான்தான் தப்புச் செய்தவன் போல.

அப்புறம் பணப் பேச்சு. முழுவதையும் ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கில் வர வேண்டாம் என்றார். 2017 ஏப்ரலிலிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மாட்டினால் வாங்கிய முழுத் தொகையையும் அபராதமாகக் கட்ட வேண்டியவன் நான்தான், அவரல்ல. முடியாது என்றேன். “இன்று நான்காம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. வாட்சைக் கொடுங்கள், திங்கட்கிழமை அனுப்பிவிடுகிறேன்” என்றார். பெரிய தொகையை ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். வசதி 2020 டிசம்பரிலிருந்து இரவும் பகலும், விடுமுறையிலும் இயங்குகிறது; இங்கேயே கைப்பேசியில் அனுப்பலாம் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்மேல் நம்பிக்கை இல்லையா?”

ஒன்றரை மணி நேரம் என்னைத் திருடனை விசாரிப்பதுபோல் விசாரித்த மனிதர் கேட்கிறார் இதை! என் பாஸ்போர்ட்டை முத்திரை முத்திரையாகப் புரட்டிய அதே கையால் மேசையைத் தட்டிக் கேட்கிறார். அவருக்கு மட்டும் சந்தேகம் உரிமை. எனக்கு வந்தால் அது அவமரியாதை. பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பின்மூடியின் நடுவே கடற்குதிரைச் சின்னம் இருக்கும். இருபது வருடத்துக்கும் மேலாக மணிக்கட்டில் உரசியும் மழுங்காமல் இருந்தது. இப்போது அதன் கழுத்தைக் கடந்து ஒரு நகத்தின் நீளத்துக்குப் பளிச்சென்று ஒரு கீறல். இனிமேல் வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தொட்டுக் காட்டி விலையைக் குறைக்கப்போகிறார்கள்.