பாதிக் கட்டணச் சலுகையும் ஒரு மலையூர்க் கல்லூரியும்

"அமெரிக்கப் பல்கலைக்கழகம், ஐம்பது விழுக்காடு உபகாரச் சம்பளம்" என்று ஒரு கடிதம் வந்துவிட்டால் சொந்தபந்தம் முழுக்க வாட்ஸ்அப்பில் வாழ்த்து குவியும். வாழ்த்துவதற்கு முன் அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, கிழக்கு டென்னசி என அப்பலாச்சிய மலைகளுக்குள் ஒரு சிற்றூர், ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள், நூறு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு திருச்சபை தொடங்கியது என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

முதலில் அந்த ஐம்பது விழுக்காடு. அமெரிக்காவின் தனியார் கல்லூரிகளில் அச்சடித்த கட்டணம் ஒன்று, கல்லூரியின் கைக்கு வரும் கட்டணம் வேறொன்று. லாப நோக்கமற்ற தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியே சராசரியாகப் பாதிக்கு மேல். நம் சிங்கப்பூர்த் தேக்காவில் சில கடைகளில் 'பாதி விலை' அட்டை வருஷம் முழுக்கத் தொங்குமே, அந்தக் கதைதான். அதில் நம் பிள்ளையின் மதிப்பெண்ணுக்குத் தனிப் பெருமை எதுவும் இல்லை.

இதனால் அந்தக் கல்லூரிகள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றில் சில செய்திருக்கும் வேலையை உலகத் தரவரிசையில் நிற்கும் பல்கலைக்கழகங்கள் பலவும் செய்ததில்லை. ஆனால் அவை நம் பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. இதைப் புரிந்துகொண்டு போனால் நல்லது.

கிழக்குக் கென்டக்கியில் பைக்வில் என்றொரு நிலக்கரி ஊர். ஆற்று வெள்ளத்தில் அடிக்கடி மூழ்கிய ஊர் என்பதால், 1973லிருந்து 1987 வரை மலையையே பிளந்து ஆறு, ரயில், சாலை மூன்றையும் அந்தப் பிளவு வழியே திருப்பிவிட்டார்கள். பிடோக் குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டி நிலம் சேர்த்த நமக்கு இது விசித்திரமாகத் தெரியாது. அங்கே பிரெஸ்பிட்டேரியன் சபையினர் 1889ல் தொடங்கிய பள்ளிதான் கல்லூரியாகி, 2011ல் பைக்வில் பல்கலைக்கழகம் ஆனது. இவ்வளவு சிறிய இடத்தில் 1997ல் ஒரு மருத்துவக் கல்லூரியைத் திறந்தார்கள். காரணம் எளிது. பெருநகரத்தில் படித்த மருத்துவர் 'ஹாலர்' என்று அவர்கள் சொல்லும் அந்த இடுக்குப் பள்ளத்தாக்குகளுக்குக் குடிவர மாட்டார். ஹாலரில் பிறந்த பிள்ளையையே மருத்துவராக்கினால் ஊரில் தங்க வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு வருஷம் வளாகத்தில் பாடம், அடுத்த இரண்டு வருஷம் சுற்றுவட்டார மருத்துவமனைகளில் பயிற்சி. பெரிய போதனா மருத்துவமனை இல்லாத குறையைச் சிறிய மருத்துவமனைகளோடு கைகோத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

அங்கே கொடுக்கப்படுவது 'டிஓ' என்னும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். அமெரிக்காவில் அது முழு மருத்துவர் தகுதி. ஆனால் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியலை 2020ல் 160லிருந்து 103ஆகக் குறைத்தார்கள். பைக்வில் அந்தப் பட்டியலில் இல்லை. தன் மலைக்கு அவ்வளவு பொருத்தமான பட்டம் சாங்கி வந்து இறங்கினால் செல்லாக்காசு. இதில் யார் பிழையும் இல்லை.

சேவை செய்யும் இடத்துக்காகவே ஒரு கல்விக்கூடம் பிறப்பது நமக்கும் புதிதல்ல. இன்று பெயர்பெற்ற மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1887ல் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளோடு தொடங்கியது. தொடங்கியவர் சோஃபியா பிளாக்மோர். அன்று அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி! தரவரிசை பார்த்து அந்தப் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை.

மலையூர்க் கல்லூரிகளில் பணக் கணக்கை உண்மையாகவே தீர்த்துவைத்தது, எனக்குத் தெரிந்தவரை, கென்டக்கியின் பெரியா கல்லூரி. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ 1855ல் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படித்த இடம். இரு இனத்தவர் சேர்ந்து படிப்பதைப் பொறுக்காமல் அதைத் தடுக்கக் கென்டக்கி மாநிலம் 1904ல் தனிச்சட்டமே போட்டது, 1908ல் உச்ச நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது. அங்கே 1892லிருந்து மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். இது எப்படி முடிகிறது என்றால், சேர்த்துவைத்த அறக்கட்டளை நிதி ஒரு பில்லியன் டாலருக்கு மேல். நிதியின் வருமானம் கட்டணத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான இடங்களை அப்பலாச்சியப் பிள்ளைகளுக்கே ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டினர் கொஞ்சப் பேரைத்தான் சேர்க்கிறார்கள். அந்தச் சில இடங்களுக்கு ஏழை நாடுகளிலிருந்து கடும் போட்டி. நடுத்தர வசதியுள்ள சிங்கப்பூர்க் குடும்பம் அங்கே முட்டிமோதுவது தேவையா என்பது என் சந்தேகம்.

அந்த நிதி இல்லாத கல்லூரிகள்தான் நமக்குக் கடிதம் அனுப்புகின்றன. கணக்கைப் பாருங்கள். 800 மாணவர், தள்ளுபடி போக ஆளுக்கு 15,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆகஸ்ட்டில் 50 பேர் குறைந்தால் 750,000 டாலர் போச்சு. அது அதோடும் நிற்காது, அந்த 50 பேர் அடுத்த மூன்று வருஷமும் இருக்க மாட்டார்கள். பேராசிரியர் சம்பளம், விடுதிக் கடன், கொதிகலன் செலவு எதுவும் குறையாது. சுரங்க வேலை சுருங்கியதால் இளங்குடும்பங்கள் வேறு வெளியேறுகின்றன. மேற்கு வர்ஜீனியாவின் மக்கள்தொகை 1950ல் 2 மில்லியன், 2020ல் 1.79 மில்லியன். ஆட்களைப் பிடிக்கக் கல்லூரிகள் விளையாட்டு அணிகளைக் கூட்டும், அவர்களுக்கு விடுதி கட்டக் கடன் வாங்கும். அணியில் வருபவருக்கும் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்பதால் தலை எண்ணிக்கை கூடும், கல்லாவில் காசு கூடாது.

பாப்டிஸ்ட் மரபில் வந்த ஆல்டர்சன் பிராடஸ் பல்கலைக்கழகம் இப்படித்தான் முடிந்தது. 1871ல் வேர்விட்டு, மேற்கு வர்ஜீனியாவின் ஃபிலிப்பியில் குன்றின் மேல் நின்ற வளாகம். 1968ல் மருத்துவர் உதவியாளர்களுக்கான நான்காண்டுப் பட்டப்படிப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடம். 2023 கோடையில் நகரசபைக்கு அது வைத்திருந்த பயனீட்டுக் கட்டண பாக்கி ஏழு லட்சம் டாலரைத் தாண்டியது. மின்சாரம் நிற்கும் என்ற பேச்சு வந்தது. ஜூலை 31 அன்று, வகுப்பு தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, பட்டம் வழங்கும் அனுமதியை மாநிலம் திரும்பப் பெற முடிவெடுத்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் பக்கத்துக் கல்லூரிக்கு மாறலாம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர், தன் பதிவை வேறொரு அனுமதி பெற்ற கல்லூரிக்கு உடனே மாற்றாவிட்டால் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டும்.

ஒரு கல்லூரியின் நிதிநிலையைக் கடிதம் வந்த அன்றே சோதிக்கலாம், காசு செலவில்லை. அமெரிக்கக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளுக்கு நிதிப் பொறுப்பு மதிப்பெண் போடுகிறது, கழித்தல் 1லிருந்து 3 வரை. 1.5க்கு மேல் பரவாயில்லை, 1க்குக் கீழே போனால் ஓடிவிடுங்கள். ஆனால் அந்த எண் ஓரிரு வருஷம் பழையது. அதனால் 'ஃபார்ம் 990' என்ற வரிப் படிவத்தையும் பாருங்கள், புரோபப்ளிகா தளத்தில் இலவசம். முதல் பக்கத்திலேயே வரவில் செலவு போக மீதி என்ன என்று இருக்கும். மூன்று வருஷம் தொடர்ந்து துண்டு விழுந்தால் யோசிக்க வேண்டும். சில திருச்சபை நிறுவனங்களுக்கு இதைத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு உண்டு. அப்போது தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், தரத் தயங்கினால் அதுவே பதில். முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாமாண்டுக்குத் திரும்பினார்கள் என்பதைக் 'காலேஜ் நேவிகேட்டர்' தளம் காட்டும். முகவர் காட்டும் பளபளப்பான புத்தகத்தில் இது எதுவும் இருக்காது.

பணத்தைப் பற்றி இன்னொன்று: மசேநிதி (மத்திய சேமநிதி) கல்விக் கடன் உள்ளூர்க் கல்வி நிலையங்களுக்கு மட்டும்தான். பட்டம் இங்கே செல்லுமா என்று கல்வி அமைச்சிடம் கேட்டுப் பயனில்லை, அதற்கான அங்கீகாரப் பட்டியல் அமைச்சிடம் கிடையாது. தாதிமை, மருத்துவம் போன்றவற்றுக்கு அந்தந்தத் தொழில் வாரியம், மற்றதற்கு முதலாளி.

'கிறிஸ்துவ' என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில இடங்களில் அது வரலாறும் ஞாயிறு மணியோசையும் மட்டும். சில இடங்களில் வாரத்துக்கு இத்தனை சேப்பல் (வளாக வழிபாடு) என்று வருகைப்பதிவு உண்டு, மது கூடாது, எதிர்பாலர் அறைக்குப் போக நேரக் கட்டுப்பாடு. நம்மில் இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் போகலாம், தடையில்லை. ஆனால் மாணவர் கையேட்டைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். அதை மறைத்து வைக்காமல் வெளிப்படையாக எழுதும் கல்லூரி மேல் எனக்கு மரியாதை கூடுதல்.

சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதும்போது கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா என்றும் கேளுங்கள். டிசம்பர் நடுவில் பூட்டி ஜனவரியில் திறக்கும் கல்லூரிகள் பல. பேருந்து வசதியும் அரிது. பைக்வில்லிலிருந்து லெக்சிங்டன் விமான நிலையத்துக்கே காரில் இரண்டரை மணி நேரம். உடன்படிக்கும் பிள்ளைகளை அப்பாவோ மாமாவோ டிரக்கில் வந்து அழைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குள் வீடு சேர்ந்துவிடுவார்கள். விடுதிக் கால அட்டவணை அவர்களுக்காகப் போட்டது.